தேதி இல்லாத அட்டவணை: கடைமடை விவசாயி ஒருவரின் வேத வாசிப்பு பற்றிய நிகழ்வு ஆய்வு

வருடா வருடம் ஜனவரி முதல் தேதி வேதம் (பைபிள்) வாசிக்க ஆரம்பித்து, தை முடிவதற்குள் நின்றுபோகிற ஒருவரைப் பற்றிய குறிப்பு இது. அவர் சோம்பேறி இல்லை. விசுவாசம் குறைந்தவரும் இல்லை. ஆதியாகமத்தையும் யாத்திராகமத்தையும் பல தடவை வாசித்தவர்தான், ஆனால் அதற்கு அப்பால் ஒருமுறைகூடப் போனதில்லை. ஏன் நின்றது, மறுபடி எப்படி ஓட ஆரம்பித்தது, எங்கே இன்னும் இழுபறி என்பதை எழுதி வைத்தால் இந்தப் பக்கம் சபை வேலை செய்கிறவர்களுக்கு உதவும் என்று தோன்றியது. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி குடும்ப விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். நேரில் அவரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவேன், அதனால் இங்கேயும் அவர் அண்ணன்தான்.

பின்னணி

மயிலாடுதுறை மாவட்டம், தரங்கம்பாடி வட்டம். வீரசோழன் ஆற்றுப் பாசனத்தின் கடைமடையில் ஒரு கிராமம். அண்ணனுக்கு ஐம்பதை ஒட்டிய வயது, பத்தாவது வரை படிப்பு. சொந்த நிலம் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம். அண்ணி வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார். மகள் கல்லூரியில், மகன் திருப்பூரில். தலைமுறை தலைமுறையாக லுத்தரன் குடும்பம். ஞாயிறு ஆராதனை தவறாது. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் உண்டு, அதில் அண்ணி ஒரு சங்கீதம் வாசிப்பார். ஆக, வேதம் அந்த வீட்டுக்குப் புதுசு இல்லை. அண்ணன் தானாக எடுத்து உட்கார்ந்து வாசிப்பதுதான் நடக்கவில்லை.

இந்த வட்டாரத்துக்கு ஒரு பெருமை உண்டு. சபை விழா எதுவானாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லாமல் விடமாட்டார். 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனெரி சீகன்பால்கு மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கேயே அச்சானது. இந்திய மொழிகளில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான். "வேதம் அச்சான மண்ணில் இருந்துகொண்டு வேதம் வாசிக்காமல் இருக்கலாமா?" என்று மேடையில் கேட்பார்கள். அண்ணனுக்கு அது குத்தலாகப் பட்டதே தவிர, புத்தகத்தைத் திறக்க வைத்ததில்லை. ஆனால் அதே வரலாற்றில், மேடையில் யாரும் சொல்லாத ஒரு விவரம் எங்களுக்குப் பிற்பாடு உபயோகப்பட்டது. அந்த அச்சு ஒரேயடியாக முடியவில்லை. 1714ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வந்தன, மிச்சம் 1715ல் வந்தது. பழைய ஏற்பாட்டை ரூத் புத்தகம் வரை மொழிபெயர்த்த நிலையில் 1719ல் சீகன்பால்கு இறந்துபோனார். அவருக்குப் பின் வந்த மிஷனெரி பெஞ்சமின் சூல்சே மீதியை முடித்து அச்சேற்றுவதற்குள் 1728 ஆகிவிட்டது. இங்கே முதன்முதலில் வேதம் வாசித்தவர்கள் அதைப் பகுதி பகுதியாகத்தான் கையில் வாங்கியிருக்கிறார்கள். 66 புத்தகத்தையும் ஒரே வருடத்தில் முடிக்கச் சொல்லி அவர்கள் கையில் யாரும் தாள் கொடுக்கவில்லை.

முன்பு முயன்ற விதங்கள்

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையோடு சேர்த்து வேத வாசிப்பு அட்டவணையும் கொடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். அட்டவணையின் கணக்கு பழைய கணக்குதான். வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரம். வார நாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வைத்தால் வாரத்துக்கு 23, 52 வாரத்தில் 1196. வருடம் முடிவதற்குள் வேதமும் முடிந்துவிடும். தாளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது.

இதை டெல்டாவின் நாள்காட்டியோடு சேர்த்துப் பார்த்தால்தான் சிக்கல் தெரியும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40, ஆக 90 அதிகாரம். வாரத்துக்கு 23 என்றால் நான்காவது வாரக் கடைசியில் அடுத்த புத்தகமான லேவியராகமம் வந்துவிடும். ஜனவரிக் கடைசி, அதாவது தை நடுப்பகுதி. சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கிற நேரம் அது. அறுப்பு மிஷினுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு முறைக்குக் காத்திருக்க வேண்டும், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து, பயறு தெளித்தாக வேண்டும், அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு ராப்பகலாகக் காவல் இருக்க வேண்டும். வருடத்திலேயே உடம்பு அதிகம் களைத்துப்போகிற அந்த நாட்களில்தான் அட்டவணை அவர் முன்னால் பலிகளின் முறைமைகளையும், 59 வசனம் நீளுகிற குஷ்டரோக அதிகாரத்தையும் கொண்டுவந்து வைக்கிறது. நகரத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவருக்கு ஜனவரி நல்ல மாதமாக இருக்கலாம். காவிரிக் கடைமடையில் இதைவிட மோசமாக ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுக்க முடியாது.

அண்ணன் வேறு வழிகளும் பார்த்திருக்கிறார். ராத்திரி படுக்கப்போகும் முன் வாசித்தால் நாலாவது வசனத்தில் தூக்கம் வந்துவிடும். ஒரு கன்வென்ஷனில் கேட்டுவிட்டு அதிகாலை 4 மணிக்கு எழுந்து பார்த்தார். குறுவை சமயத்தில் ராத்திரி இரண்டு மணிக்கு மடை திறக்கப் போய்வந்தவருக்கு 4 மணி என்பது நடக்கிற காரியமா? மகள் செல்போனில் ஒரு செயலி போட்டுக் கொடுத்தாள். விடாமல் வாசித்த நாட்களை அது எண்ணிக் காட்டும், ஒரு நாள் விட்டால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குப் போய்விடும். முதல் தடவை பூஜ்யம் ஆனதும் அவர் அதைத் திறப்பதையே விட்டுவிட்டார்.

இதற்கு நடுவில் ஒரு சங்கடம் நடந்திருக்கிறது, ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். ஒரு கூட்டத்தில் பிரசங்கியார், "முழு வேதத்தையும் ஒரு தடவையாவது வாசித்து முடித்தவர்கள் கை தூக்குங்கள்" என்றாராம். சுற்றிலும் எல்லாரும் தூக்கினார்கள், இவரும் தூக்கிவிட்டார். "பக்கத்துல இருந்தவரும் சும்மாதான் தூக்கினாருன்னு எனக்குத் தெரியும் தம்பி, ஆனா கேக்கவா முடியும்?" கை தூக்கச் சொல்கிற இந்த வழக்கத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

பார்த்ததில் தெரிந்தவை

மாசிக் கடைசியில் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனபோது, "இப்ப ஒரு அதிகாரம் வாசிங்கண்ணே, கேப்போம்" என்றேன். வேதாகமம் உள்ளறை பீரோவின் மேல்தட்டில், துணி உறை போட்டு, கல்யாணப் புடவைகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அண்ணி ஸ்டூல் போட்டு ஏறித்தான் எடுத்தார். பயபக்தியினால் அங்கே வைத்தது என்பது சரிதான். ஆனால் தினமும் கைக்கு வரவேண்டிய ஒன்றை ஸ்டூல் போட்டு எடுக்கிற இடத்தில் வைத்திருந்தால் அது தினமும் கைக்கு வராது.

புத்தகத்தை மடியில் வைத்தார், அப்புறம் சற்றுத் தள்ளிப் பிடித்தார். அதுவும் போதாமல் கையை முழுசாக நீட்டி, திண்ணையின் ஓரத்துக்கு நகர்ந்து, வெளிச்சம் பக்கத்தின் மேல் நேராக விழும்படி சாய்த்துக்கொண்டார். இரண்டு பத்தியாக அடித்த பொடி எழுத்து, பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிற மெல்லிய தாள். மூன்று வசனம் வாசித்ததும் கண்ணைக் கசக்கினார். "எழுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டுத் தெரியுது" என்றார். வெள்ளெழுத்து! உர மூட்டையில் அச்சடித்திருப்பது தெரிகிறது, பஸ்ஸின் பெயர்ப்பலகை தெரிகிறது, அதனால் கண்ணில் கோளாறு இருக்கும் என்று அவர் யோசிக்கவே இல்லை. நாற்பதைத் தாண்டினால் எல்லாருக்கும் வருவதுதான் இது. ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்தில் நாலாவது வசனத்தில் தூக்கம் வந்ததற்குக் களைப்பு பாதிக் காரணம் என்றால், மீதிப் பாதி கண் பட்ட சிரமம். இதை ஆவிக்குரிய சோர்வு என்று நினைத்து அவர் இத்தனை வருடம் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். மயிலாடுதுறையில் கண்ணைச் சோதித்து ஒரு கண்ணாடி வாங்கியதில் அந்தப் பகுதி தீர்ந்தது. இந்த ஒரு விஷயத்தை மட்டுமாவது மற்ற சபைகள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஐம்பது வயதுக்காரர் வேதம் வாசிப்பதில்லை என்று சொன்னால் முதலில் கண்ணாடி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆனால் கண்ணும் பீரோவும் மட்டுமே காரணம் என்றால், ஜனவரியில் ஒழுங்காகத் தொடங்கியது எப்படி? ஒவ்வொரு வருடமும் அதே இடத்தில் நின்றது ஏன்? பேசப் பேச விஷயம் வெளியே வந்தது. அறுவடையில் பத்து நாள் விட்டுப்போகும். பத்து நாள் என்றால் முப்பதுக்கு மேல் அதிகாரம். பதினோராவது நாள் புத்தகத்தைத் திறந்தால் அட்டவணையில் டிக் அடிக்காத கட்டங்கள் வரிசையாக நிற்கும். அன்றைய மூன்றோடு பாக்கியையும் சேர்த்து ஆறு வாசிக்கப் பார்ப்பார். அவர் வேகத்துக்கு ஒரு அதிகாரமே கால்மணி நேரம் பிடிக்கும், ஆறு அதிகாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் எங்கே போவது? இரண்டு நாள் முயல்வார், மூன்றாம் நாள் எடுக்கமாட்டார். "சங்கத்துல கடன் பாக்கி வச்சவன் அந்தத் தெரு வழியாவே போகமாட்டான் பாருங்க, சுத்திக்கிட்டுப் போவான். அந்தக் கதைதான் தம்பி இது" என்றார்.

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது இதைத்தான். அவரை நிறுத்தியது விட்டுப்போன நாட்கள் இல்லை, விட்டுப்போன நாட்கள் பாக்கியாக ஏறிக்கொண்டே போனதுதான். ஆசைக்கோ பக்திக்கோ குறைவில்லை. அட்டவணையில் தேதி போட்டிருந்ததால், விட்ட ஒவ்வொரு நாளும் அவர் பெயரில் பற்றாக எழுதப்பட்டது. லேவியராகமத்தைக் குறை சொல்வது சுலபம், எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். தேதி மட்டும் இல்லாதிருந்தால் அவர் மாசியிலோ பங்குனியிலோ மெதுவாக அதையும் தாண்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

செய்த மாற்றங்கள்

முதல் வேலையாக அந்த வருட அட்டவணையை வேதாகமத்திலிருந்து எடுத்துவிட்டோம். அதன் இடத்தில் ஒரு நாடா. நாடா எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து அடுத்தது, அவ்வளவுதான். விட்ட நாள் விட்டதுதான், அதை ஈடுகட்டக் கூடாது. இந்தக் 'கூடாது' அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "ஒரு நாள் விட்டா மறுநாள் ரெண்டு வாசிச்சா என்ன, நல்லதுதானே?" என்றார். ஆசையாக இருந்தால் பத்துகூட வாசிக்கலாம், ஆனால் நேற்றைக்கு என்று சொல்லி வாசிக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

அளவைக் குறைத்தோம். குறைந்தது பத்து வசனம், மேலே வரம்பு இல்லை. முடிந்தால் ஒரு அதிகாரம். எங்கே ஆரம்பிப்பது என்ற கேள்விக்கு 1714 கைகொடுத்தது. அந்த வருடம் தரங்கம்பாடியில் அச்சானது எவ்வளவோ அவ்வளவுதான் நம் முதல் பாகம் என்று வைத்துக்கொண்டோம். மத்தேயு 28, மாற்கு 16, லூக்கா 24, யோவான் 21, அப்போஸ்தலர் நடபடிகள் 28, மொத்தம் 117 அதிகாரம். 1189 என்ற மலைப்பு போய்விட்டது. வரிசையில் மட்டும் மாற்குவை முன்னால் கொண்டுவந்தோம். மத்தேயு வம்சவரலாற்றோடு தொடங்குகிறது, மாற்குவில் முதல் அதிகாரத்திலேயே யோர்தான், வனாந்தரம், கப்பர்நகூம் என்று காரியங்கள் ஓட ஆரம்பித்துவிடும்.

எந்த மொழிபெயர்ப்பு என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு. 1995ல் வந்த திருவிவிலியத்தின் தமிழ் எளிது, புதிதாகத் தொடங்குகிறவருக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். அண்ணன் இரண்டு நாள் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த வசனமெல்லாம் பழைய மொழிபெயர்ப்பில்தான் காதில் நிற்கிறது என்றார். 1871ல் முடிந்த அந்தத் திருத்தத்தின் நீண்ட வாக்கியங்கள் அவர் வாய்க்கு நன்றாகவே வந்தன, சத்தமாக வாசித்தபோது. மனசுக்குள் வாசித்தால் தடுமாறுவார். சரி, சத்தமாகவே வாசிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

நேரம்தான் மிக முக்கியமான முடிவு. ஆரம்பித்தது சித்திரையில், உளுந்து எடுத்து முடித்தபின். ஓய்வான மாதம் என்பதால் தொடங்கச் சுலபம், ஆனால் அதிலேயே ஒரு பொறியும் இருக்கிறது. ஓய்வு நாளில் எந்த நேரமும் நல்ல நேரம்தான். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்து, தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்ததும் அந்த ஓய்வு காணாமல் போய்விடும், கூடவே பழக்கமும் போய்விடும். ஆகவே சித்திரையிலும் ஆடியிலும் தையிலும் மாறாமல் நடக்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருந்தது. எழுந்திருக்கிற நேரம் மாறும், படுக்கிற நேரமும் மாறும். மாறாதது காலைச் சாப்பாடு. வெள்ளென வயலுக்குப் போகிறவர் ஒன்பது மணி வாக்கில் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, திண்ணையில் உட்கார்ந்து பழைய சோறோ இட்லியோ சாப்பிடுவார். சாப்பிட்டுக் கை கழுவினதும் ஒரு பத்து நிமிஷம் தூணில் சாய்ந்திருப்பார். எந்தப் பட்டத்திலும் இது உண்டு. அந்தத் தூணில் ஒரு ஆணி அடித்து, மஞ்சப்பையில் வேதாகமத்தையும் கண்ணாடியையும் போட்டு மாட்டினோம். சாய்ந்தபடி கையை நீட்டினால் பை. வேதத்தை மஞ்சப்பையில் போடுவதா என்று அண்ணிக்கு ஆரம்பத்தில் மனசு ஒப்பவில்லை. பிறகு அவரே ஒரு சிவப்புத் துணியில் கைப்பிடி வைத்துப் பை தைத்துவிட்டார்.

கடைசி மாற்றம் என் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பார்க்கும்போது "வாசிச்சீங்களாண்ணே?" என்று கேட்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில்தான் உண்டு, இரண்டாவது பதிலைச் சொல்ல வேண்டியிருந்தால் மனுஷன் பின்வாசல் வழியாகப் போய்விடுவார். அதற்குப் பதிலாக "இந்த வாரம் எது புரியலை?" என்று கேட்டேன்.

நடந்தது

கேள்விகள் கொட்டின. அவர் என்ன வாசிக்கிறார், எப்படி வாசிக்கிறார் என்பது அந்தக் கேள்விகளில்தான் தெரிந்தது. மாற்கு நாலாம் அதிகாரத்தில் விதைக்கிறவன் உவமை வந்ததும், "வழியோரத்திலயும் கற்பாறையிலயும் போய் விதையைக் கொட்டுறானே, இவன் என்ன விவசாயி?" என்றார். கடைமடையில் நேரடி விதைப்பு தெரிந்தவர் அவர். கையெறிப்பு எப்படி விழும், வரப்பில் எவ்வளவு வீணாகும் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும். அந்தக் காலத்துப் பாலஸ்தீனத்தில் விதைத்துவிட்டு அப்புறம் உழுகிற வழக்கம் இருந்தது என்று சில ஆய்வாளர்கள் சொல்வதைச் சொன்னேன். "அப்படின்னா சரி, பாதையும் உழவுக்குள்ள வந்துரும்" என்று ஒப்புக்கொண்டார். அதே அதிகாரத்தில், விதைத்தவன் தூங்கி எழுந்திருக்க, அவன் அறியாமலே விதை முளைத்து வளருகிற உவமையை மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. தூங்கினால் களை மூடிவிடும் என்றார். அடுத்த அதிகாரத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பன்றிகள் கடலில் விழுந்து சாகின்றன. பிரசங்கத்தில் எத்தனையோ தடவை கேட்ட சம்பவம்தான். அண்ணனின் கேள்வி: "அந்தப் பன்றிக்காரனுக்கு யாரு நஷ்டம் கொடுத்தா?" இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. போதகரிடம் கேட்டோம், அவரும் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

புரியாத இடத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டுக்கொள்ளச் சொன்னேன். வேதத்தில் கிறுக்கக் கூடாது என்று அண்ணி தடுத்துவிட்டார். அதனால் துண்டுத் தாள் வைத்தார். ஆனி, ஆடியில் நாற்றங்கால், நடவு என்று வேலை நெருக்கின நாட்களிலும் காலைச் சாப்பாட்டு நேரம் கைவிடவில்லை, பத்து வசனத்தோடு எழுந்துவிடுவார். லூக்கா முதல் அதிகாரம் 80 வசனம், அதை ஒரு வாரம் வைத்து வாசித்தார். வயலிலேயே சாப்பாடு என்றால் அன்றைக்கு வாசிப்பு கிடையாது. அதைப்பற்றி அவரும் அலட்டிக்கொள்ளவில்லை, நானும் கேட்கவில்லை.

சறுக்கல் வந்தது கார்த்திகையில். விடாத மழை, வடிகால் நிரம்பி வயலில் தண்ணீர் நின்றது. திண்ணையில் சாரல் அடித்ததால் பையைத் தூக்கிப் பரணில் வைத்துவிட்டார்கள். வாரக்கணக்கில் ஒன்றும் வாசிக்கவில்லை. மழை மட்டும்தான் காரணமா என்றால், அது முழு உண்மை இல்லை. நாடா கிடந்தது அப்போஸ்தலர் நடபடிகள் ஏழாம் அதிகாரத்தில். ஸ்தேவானின் பிரசங்கம், 60 வசனம், ஆபிரகாம் தொடங்கி சாலொமோன் வரைக்கும் ஒரே மூச்சு. அது அவருக்குச் சலிப்புத் தட்டியிருந்தது, மழை ஒரு சாக்கு. பழைய அட்டவணையாக இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த முறை மழை விட்டு, பை ஆணிக்குத் திரும்பி வந்த அன்று நாடாவை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து பத்து வசனம் வாசித்தார். எத்தனை நாள் விட்டது என்று அவருக்கும் தெரியாது, எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

தை மாதம் எப்படிப் போகுமோ என்று பயம் இருந்தது. அதற்குள் 117 அதிகாரமும் முடிந்திருந்தது. அறுவடை முடியும் வரை ரூத் மட்டும் வாசிப்பது என்று பேசிக்கொண்டோம். நாலு அதிகாரம், 85 வசனம், போவாஸ் என்பவரின் வயலில் ரூத் என்ற ஏழைப் பெண் கதிர் பொறுக்குகிற, அறுவடைக் காலத்தில் நடக்கிற கதை. யூதர்களும் அதை அறுப்புப் பண்டிகையான வாரங்களின் பண்டிகையில்தான் வாசிக்கிறார்கள். கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வர வெயிலில் காயவைத்து, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி, முறை வரும் வரை பக்கத்திலேயே படுத்துக் கிடந்த நாட்களில், பையும் கண்ணாடியும் அவரோடு போனது. ஒருநாள் அங்கிருந்தே போன் பண்ணினார். "தம்பி, போவாஸ் பெரிய பணக்காரன்னுதானே சொல்றாங்க? அவனும் அம்பாரத்துக்குப் பக்கத்துலதான் படுத்துக் கிடக்கான், என்னைய மாதிரியே. காவலுக்கு ஆள் வைக்கலையா?" மூன்றாம் அதிகாரம். நானும் எத்தனையோ முறை வாசித்த இடம்தான், களத்தில் படுத்தவன் நெல்லுக்கு, இல்லை, வாற்கோதுமைக்குக் காவல் இருக்கிறான் என்று ஒரு விவசாயி சொல்லித்தான் உறைத்தது.

ரூத்துக்குக் கதிர் பொறுக்க விட்டது போவாஸின் நல்ல மனசா, இல்லை ஏதாவது முறையா என்பது அடுத்த கேள்வி. கையறுப்புக் காலத்தில் அரிவாளுக்குப் பின்னால் பிள்ளைகள் கதிர் பொறுக்க வருவதை அவரே பார்த்திருக்கிறார். பெல்ட் வைத்த அறுப்பு மிஷின் வந்தபின் அது போய்விட்டது. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்தில், வயலின் ஓரத்தைத் தீர அறுக்காமலும் சிந்தின கதிரைப் பொறுக்காமலும் எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிட வேண்டும் என்று கட்டளை இருப்பதைச் சொன்னேன். அந்த வாரமே அங்கே போய் வாசித்தார். முழுப் புத்தகத்தையும் வாசித்துவிட்டார் என்று சொல்லமாட்டேன். 19, அப்புறம் 23, 25. பலிகளின் பகுதி இன்னும் தொடாமல்தான் கிடக்கிறது.

கொஞ்சம் விவாதம்

ஒரு பழக்கம் ஊன்ற 21 நாள் போதும் என்று கூட்டங்களில் அடிக்கடி சொல்கிறார்கள். யுனிவர்சிட்டி காலேஜ் லண்டனில் பிலிப்பா லாலியும் உடன் வேலை செய்தவர்களும் 2010ல் வெளியிட்ட ஆய்வு வேறு மாதிரி சொல்கிறது. 96 பேர், 12 வாரம். ஒவ்வொருவரும் சாப்பாடு, குடிப்பது, உடற்பயிற்சி சம்பந்தமாக ஒரு புதுச் செயலை எடுத்துக்கொண்டு, அதை அன்றாடம் நடக்கிற ஒன்றோடு சேர்த்துச் செய்தார்கள். அது யோசிக்காமல் நடக்கிற நிலைக்கு வர நடுமதிப்பாக 66 நாள் பிடித்தது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம் (12 வாரத்தைத் தாண்டுகிற எண்கள் கணக்குப் போட்டு மதிப்பிட்டவை). ஒரு நாள் தவறினால் அதனால் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. வேத வாசிப்பைப் பற்றிய ஆய்வு இல்லை அது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பதும் ரோமர் எட்டாம் அதிகாரம் வாசிப்பதும் ஒன்றாகிவிடாது. ஆனால் காலைச் சாப்பாட்டோடு கட்டியது ஏன் நிலைத்தது, பூஜ்யத்துக்குத் திரும்புகிற செயலி ஏன் அவரை விரட்டியது என்பதற்கு இது ஒத்துவருகிறது.

எங்கள் சபை மூப்பர் ஒருவருக்கு இதில் உடன்பாடு இல்லை. பழக்கமாகிவிட்டால் சடங்காகிவிடும், தாகத்தோடு வாசிப்பதுதான் வாசிப்பு என்பார். லுத்தரன் சபையில் இதற்கு லுத்தரையே காட்டலாம். வேத பண்டிதராக இருந்தும் தினமும் காலையில் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் கர்த்தருடைய ஜெபத்தையும் ஒரு சிறுபிள்ளை சொல்வதுபோல் வார்த்தை வார்த்தையாகச் சொல்கிறேன் என்று விசுவாசப் பாடநூலான பெரிய ஞானோபதேசத்தின் முன்னுரையில் அவர் எழுதியிருக்கிறார். தாகம் வந்தபின்தான் வாசிப்பேன் என்று அவர் காத்திருக்கவில்லை. மூப்பருக்கு இது முழுத் திருப்தி தரவில்லை. அவருடைய கவலையிலும் நியாயம் இருக்கிறது, அண்ணன் சில நாள் வாயால் மட்டும் வாசித்துவிட்டு எழுந்துபோவது உண்டு, அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த முறை எல்லாருக்கும் ஒத்துவருமா என்றால், அப்படியே எடுத்துப் போட முடியாது. அண்ணனுக்குக் காலைச் சாப்பாடு மாறாத நேரம். சுழற்சி முறையில் வேலை பார்க்கிற நர்ஸுக்கு அதுவும் மாறும், அவருக்கு ஒருவேளை பஸ் பயணமாக இருக்கலாம். கடலுக்குப் போகிற குடும்பங்களுக்கு வேறு கணக்கு. அண்ணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணன் வாசிக்கும்போது தையல் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்பார். அவருக்குத் தனி வாசிப்பு என்று ஒன்று இன்னும் அமையவில்லை. காலை ஒன்பது மணிக்கு அவருக்கு ஓய்வு ஏது? இதை நாங்கள் யாரும் ஆரம்பத்தில் யோசிக்கவில்லை. இப்போது சாயங்காலம் மிஷினைத் துடைத்து மூடியபின் வாசித்துப் பார்க்கிறார். அது நிலைக்குமா என்று சொல்ல இன்னும் நாள் போகவேண்டும்.

அண்ணன் இப்போது ஆதியாகமத்தில் இருக்கிறார். முதல் பாகம் முடிந்தபின் என்ன என்று கேட்டபோது, தெரிந்த இடத்திலிருந்தே போகிறேன், இந்த முறை அவசரமில்லை என்றார்.

சபை சங்கத்தில் இதைச் சொல்லி, வருகிற டிசம்பர் 31க்கு அடிக்கிற அட்டவணையில் தேதியை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறேன். எதிர்ப்பு எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. ஒரே வருடத்தில் வேதத்தை வாசித்து முடித்தவர்களுக்கு ஆண்டு இறுதியில் பரிசு கொடுக்கிற வழக்கம் இருக்கிறது, தேதி இல்லையென்றால் பரிசை எப்படித் தீர்மானிப்பது என்று மாதர் சங்கத்தில் கேட்கிறார்கள். விடாமல் வாசித்துப் பரிசு வாங்குகிற நாலைந்து அம்மாக்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், அவர்களிடமிருந்து அதைப் பிடுங்க எனக்கும் மனசில்லை. தேதி போட்டது, போடாதது என்று இரண்டு விதமாகவும் அடித்துவிடலாம் என்கிறார் பொருளாளர். அச்சுச் செலவு இரண்டு மடங்காகும், அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில் பேச்சு நிற்கிறது.